செப்டம்பரைத் தேர்ந்தெடுத்தவர்

1986 ஜூன் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒன்றே கால் மணிக்கு, இருபத்தாறு ஆகஸ்டுகளைக் கடற்கரையில் கழித்த எர்மேத்தே பொர்கேரோ, இருபத்தேழாவதைக் கழிப்பதாக இல்லை என்று சாப்பாட்டு மேசையில் அறிவித்தார்.

துரின் நகர டிராம்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்து முந்தின வாரம்தான் ஓய்வு பெற்றிருந்தார். வேலையில் இருந்தவரை மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இருந்ததில்லை. ஆகஸ்டில் தொழிற்சாலைகளை மூடுவார்கள். ஊர் மொத்தமும் கடலுக்குப் போகும். ஆளில்லாத டிராமில் யாரிடம் போய் டிக்கெட் கேட்பது? அவரும் போனார். ஸ்போட்டோர்னோ கடற்கரையில், மனைவி ஒத்தாவியாவின் உறவினர்கள் பதினான்கு பேருக்கு நடுவே உட்கார்ந்தார்.

கடலிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு அலை எழுந்து, வந்து, உடைந்து, திரும்பிப் போகும் சத்தத்தை நடுவில் யாரும் பேசாமல் முழுதாக ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். இருபத்தாறு வருடத்தில் அது நடக்கவில்லை. அலை பாதி வழியில் இருக்கும்போது யாராவது முலாம்பழம் தின்னக் கூப்பிடுவார்கள்.

ஆகவே முறைப்படி ஆராய்ந்தார். மே மாதம் தண்ணீரில் கால் வைத்தால் முழங்கால் வரை மரத்துப்போகும். ஜூனில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள். ஜூலையில் சொறிமீன். ஆகஸ்டில் கடல் இருப்பதாகக் கேள்வி, பார்க்க முடியாது. செப்டம்பரில் கோடை முழுக்கச் சூடேறிய தண்ணீர், மூன்று கிழவர்கள், ஒரு நாய். செப்டம்பர் எட்டு முதல் பத்து நாளுக்கு அறையும் சொல்லிவைத்துவிட்டார். ஒருத்தனுக்கு வருடத்துக்கு ஒரு மாதம்தான் கடல், இனி அது செப்டம்பர் என்று மேசையில் சொல்லி முடித்தார்.

ஒத்தாவியா பாலாடைக்கட்டி துருவிக்கொண்டிருந்தாள். மாடி வீட்டிலிருந்து ஞாயிறுதோறும் சாப்பிட வரும் அவள் தங்கை ஸெலிந்தா, முள்கரண்டியைக் கீழே வைத்தாள். எர்மேத்தே சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். பதினோரு பதில்களை மனப்பாடம் செய்திருந்தார்.

"சரி, செப்டம்பரே இருக்கட்டும்" என்றாள் ஒத்தாவியா.

பதினோரு பதில்களுக்கும் வேலையில்லாமல் போயிற்று.

"ஆனா குடைய என்ன பண்ணப்போற?" என்றாள்.

குடை சாதாரண விஷயமல்ல. அந்தக் கடற்கரையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மணலில் நட்ட ஒரு வாடகைக் குடை, ஒவ்வொரு குடைக்கும் ஒரு வரிசை. முன்வரிசை காசு கொடுத்தால் கிடைப்பதல்ல. முன்னால் இருப்பவர் சாக வேண்டும், இல்லாவிட்டால் விவாகரத்து செய்ய வேண்டும். பொர்கேரோ குடும்பம் 1960இல் ஏழாம் வரிசையில் தொடங்கி, நான்கு சாவையும் ஒரு விவாகரத்தையும் பொறுமையாகக் கடந்து, இரண்டாம் வரிசைக்கு வந்திருந்தது. ஆகஸ்டில் குடை காலியாகக் கிடந்தால், குடைக்காரர் ஜெரோலமோ அதைப் பின்வரிசைக்காரருக்குக் கொடுத்துவிடுவார். அப்புறம் செப்டம்பரிலும் ஏழாம் வரிசைதான், கழிப்பறைக்குப் பக்கத்தில்.

எர்மேத்தே இதை யோசித்திருக்கவில்லை.

ஒத்தாவியா யோசித்திருந்தாள். ஆகஸ்டில் தானும் தங்கையும் போய்க் குடையைக் காப்பாற்றுவதாகவும், அவர் வீட்டிலேயே நிம்மதியாக இருக்கலாம் என்றும் சொன்னாள். இதைவிட நல்ல ஏற்பாட்டை எர்மேத்தே வாழ்க்கையில் கேட்டதில்லை. முதலில் ஆளில்லாத வீடு, பிறகு ஆளில்லாத கடல். அன்று பாத்திரங்களைத் தாமே கழுவினார்.

ஆகஸ்ட் முதல் தேதி அவர்கள் ரயில் ஏறினார்கள். மறுநாள் காலை எர்மேத்தே ரொட்டி வாங்கக் கீழே இறங்கினார்.

கடை ஷட்டர் இறங்கியிருந்தது. 'விடுமுறை, ஆகஸ்ட் 31 வரை' என்று காகிதம் ஒட்டியிருந்தது. பால் கடையிலும் காகிதம். காபிக் கடையில், கறிக்கடையில், முடிதிருத்தும் கடையில், எங்கும் காகிதம். முப்பத்தோரு வருடம் அந்த ஊரின் ஒவ்வொரு தெருவையும் அறிந்த மனிதர், ஆகஸ்டில் மட்டும் அதைப் பார்த்ததேயில்லை. முறை வைத்துச் சில கடைகள் திறந்திருக்கும், எவை என்ற பட்டியல் செய்தித்தாளில் வரும் என்பது அவருக்குத் தெரியும். செய்தித்தாள் கடைக்கு நடந்தார். அங்கும் காகிதம்.

ஒன்பதாம் தேதி இரவுச் சாப்பாட்டு வேளைக்கு அவர் ஸ்போட்டோர்னோவுக்கு போன் செய்தார். பின்னால் எண்ணெய் பொரியும் சத்தமும் தட்டுகள் மோதும் சத்தமும் கேட்டன.

"என்ன சாப்பிட்ட?" என்றாள் ஒத்தாவியா.

"நெத்திலி. டப்பால இருந்தது."

"நேத்து?"

"நெத்திலி."

"நாளைக்கு?"

"டப்பா தீந்துபோச்சு."

கணவாயா இறாலா என்று அங்கே யாரோ யாரையோ கேட்டார்கள்.

"நான் வேணா வந்துடட்டுமா?" என்றார் எர்மேத்தே.

"வாயேன். யாரு வேணாம்னா? ஆனா ஒருத்தனுக்கு ஒரு வருஷத்துக்கு ஒரு மாசம்தான் கடல். அது நீ சொன்னதுதான். எந்த மாசம்னு சொல்லிட்டு வா."

"ஒத்தாவியா, அது வந்து..."

"ஸெலிந்தா, அந்தக் கணவாய இவருக்கு எடுத்து வைக்கவா, வேணாமா?"

"ஆகஸ்ட்" என்றார் எர்மேத்தே.

"கேக்கல. இங்க ஒரே சத்தம்."

"ஆகஸ்ட்."

அவள் போனை மேசைப் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தாள் என்பது பதினான்கு பேரும் கைதட்டியபோதுதான் அவருக்குப் புரிந்தது.

பத்தாம் தேதி மூன்று மணி நேரம் ரயிலில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தார். குடைக்குக் கீழே அவருடைய நாற்காலி விரித்தே வைக்கப்பட்டிருந்தது. கணவாய் மிகவும் நன்றாக இருந்தது. கடல் தெரியவில்லை. மூன்று நாள் வயிறார உண்டபின், தைரியம் திரும்பியபோது, செப்டம்பர் அறையைப் பற்றி மெல்ல ஆரம்பித்தார்.

"அது வீணாப் போகாது. நானும் ஸெலிந்தாவும் போறோம்" என்றாள் ஒத்தாவியா.

"அப்ப நான்?"

"உனக்கு வீட்டுல வேலை இருக்கு. வெள்ளையடிக்கிற ஆள் வர்றான். யாராவது பக்கத்துல நின்னு பாத்துக்கணும்."

"அவனுக்கு எப்ப சொன்ன?"

"ஜூன்ல."

"ஜூன்ல எப்ப?"

"ரெண்டாம் தேதி."

எர்மேத்தே நாற்காலியில் சாய்ந்துகொண்டார். முப்பத்தோரு வருடம் டிக்கெட் இல்லாதவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவர் அவர். மனைவியின் முகத்தை இப்போதுதான் உற்றுப் பார்த்தார். அவள் கடல் இருக்க வேண்டிய திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அந்த அலைய ஒரு தடவ கேக்கணும், ஒத்தாவியா. அவ்வளவுதான்."

"எனக்கும்தான்" என்றாள் அவள். "இருபத்தாறு வருஷமா நான் மட்டும் என்னத்தக் கேட்டேன்? இங்க எத்தன சத்தம் இருக்குன்னு நீ என்கிட்ட எண்ணிச் சொன்னதத்தான் கேட்டேன்."

யாரோ முலாம்பழம் வெட்டிக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போனார்.

1986 செப்டம்பர் 8, திங்கட்கிழமை, காலை ஏழு நாற்பது ரயிலில் ஒத்தாவியாவும் ஸெலிந்தாவும் ஸ்போட்டோர்னோவுக்குப் புறப்பட்டார்கள். எட்டு மணிக்கு வெள்ளையடிக்கும் ஆள் வந்தான். அவன் ஓயாமல் பேசுகிறவன்.