கொட்டப்பெட்டி நிறுத்திய கலியாணம்

புங்குடுதீவு,
தாது வருடம் ஆனி 12.

ஒரு நாள் பிந்தி வந்தாலும் எங்கள் வீட்டில் விளம்பரம்வரை விடாமல் படிக்கப்படும் பத்திரிகையின் ஆசிரியர் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற தபாற்கந்தோர்க் கிளாக்கர் ஏரம்பு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் குடும்பத்தாரும் சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகமாகத்தான் இருந்தோம், சென்ற கிழமை தங்கள் பத்திரிகை வரும்வரைக்கும்.

அதில் 'பழஞ்சொல் விளக்கம்' என்ற பகுதியில், மடியில் செருகும் ஓலைப் பணப்பைக்குக் கொட்டப்பெட்டி என்று பெயர் வந்தது கொட்டைப்பாக்கு வைத்ததால்தான் என்று மூன்றே வரியில் எழுதியிருந்தீர்கள். அதை நான் மனப்பாடம் செய்தது என் பிழை. ஞாயிற்றுக்கிழமை என் மகள் பரிமளத்தின் கலியாணத்துக்கு நாள் குறிக்க, மாப்பிள்ளையின் தகப்பனார் சிவபாதம் வாத்தியார் நயினாதீவிலிருந்து வள்ளத்தில் வந்திருந்தார். நல்ல மனிதர். என் மனைவி இலட்சுமிப்பிள்ளை வைத்த பால்ரொட்டியில் ஏழெட்டைத் தின்றுவிட்டு, வெற்றிலை போடுவதற்கு மடியிலிருந்து கொட்டப்பெட்டியை எடுத்தார். என் வாய் சும்மா இருக்குமா? தங்கள் மூன்று வரியையும் ஒப்புவித்தேன்.

"ஆர் சொன்னது? கொட்டுறதாலை கொட்டப்பெட்டி. இஞ்சை பாரும்!" என்று மனிதர் அதைத் தலைகீழாய்க் கவிழ்த்தார். பாக்குச் சீவல், சதக் காசுகள், புகையிலைத் துண்டு, என்றைக்கோ கழன்ற அவருடைய கடைவாய்ப் பல், எல்லாம் புதுப்பாயில் கொட்டின.

"சோறு காய்ச்சிற கிடாரத்தைக் கவிட்டாலும் கொட்டும். அப்ப அதுவும் கொட்டப்பெட்டியோ?" என்றேன்.

"முப்பது வருசம் இலக்கணம் படிப்பிச்சனான். முத்திரை குத்தின உம்மட்டை வந்து படிக்க ஏலாது!" என்று சொல்லி, பல்லையும் பொறுக்கிக்கொண்டு வள்ளம் ஏறிவிட்டார். நாள் குறிக்கவில்லை.

பரிமளம் குசினி வாசலில் வந்து நின்று, "அப்பா, பாக்கோ கொட்டோ, எனக்கு ஆவணியிலை கலியாணம் நடக்கவேணும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அன்று முதல் எனக்குச் சோறு வருகிறது, சொதி வருவதில்லை. அதைக்கூடப் பொறுப்பேன் ஐயா. பிள்ளை சிரித்து நாலு நாளாகிறது, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஆகையால் வாத்தியார் சொன்னதே சரி, ஏரம்பு சொன்னது பிழை என்று, மனச்சாட்சியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்த இதழில் போட்டுவிடுங்கள். நான் தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறேன்.

தங்கள் அச்சுக்கூடத்தில் ஓர் எழுத்தும் உடையாமல் நயினை அம்மாள் காப்பாளாக.

இங்ஙனம்,
வே. ஏரம்பு

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் வாத்தியார் மகனையும் இழுத்துக்கொண்டு வந்து இறங்கிவிட்டார். சமாதானம் பேச அல்ல, மகனைப் பற்றி முறையிட. "சம்பந்தி, இவன் சொல்லுறதைக் கேளும்!" மாப்பிள்ளை கொழும்பில் வாங்கிய தோற்பை ஒன்றைக் காட்டி, "இது பேர்ஸ், மாமா. இனி ஆர் கொட்டப்பெட்டி கொண்டு திரியிறது?" என்றார். நாங்கள் இருவரும் ஒன்றாகக் கதிரையை விட்டு எழும்பிவிட்டோம். ஒரு மணித்தியாலம் ஆராய்ந்து, முதன்முறையாக ஒரே முடிவுக்கு வந்தோம்: பைகளுக்கெல்லாம் அரசு பையரசு, வாய் திரும்பாத வெள்ளைக்காரன் அதைத்தான் பேர்ஸ் என்கிறான். கலியாணம் ஆவணி பத்தாம் திகதி. பரிமளம் குசினிக்குள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். மேலே எழுதிய அவ்வளவையும் கிழித்துவிட்டு, பையரசை மட்டும் கொட்டை எழுத்தில் போடவும்.