இரண்டு இடம் பின்னால்

“லேட்டா வந்தவரை வரிசையில ரெண்டு இடம் பின்னால தள்றது அவங்க பேட்டண்டாம். நிறுத்தாட்டி கோர்ட்டுக்கு இழுப்பாங்களாம்.” பெரிய கம்பெனி ஒன்று அனுப்பிய நோட்டீஸைப் படித்துவிட்டு முதலாளி நாற்காலியில் சரிந்தார்.

முதலாளி என்றால் அவரும் அவர் மனைவியும்தான். கிளினிக்குகளுக்கு டோக்கன் திரை செய்து விற்கிறார்கள். உள்ளே ஓடும் புரோகிராம், யாரோ புண்ணியவான் எல்லோருக்கும் இலவசமாக இணையத்தில் போட்டுவைத்தது.

“இலவசம்னா வம்பே வராதுன்னீங்க?”

“எழுதினவர் வரமாட்டார்மா. இது வேற ஆளு.”

தள்ளிவிடும் பகுதியை அன்றைக்கே வெட்டி எறிந்தார். மறுநாள் பல் டாக்டர் போனில் கத்தினார்.

“முதல் டோக்கன்காரர் காப்பி குடிக்கப் போயிட்டார். திரை அவரையே கூப்பிட்டுக்கிட்டு நிக்குது. மத்தவங்க கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு என்னை முறைக்கிறாங்க!”

அவசர அவசரமாக முதலாளி அந்தப் பகுதியைச் சொந்தமாக எழுதி மாட்டினார். வக்கீல் மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டான்.

“அத்தான், பேட்டண்ட் அந்த வழிமுறைக்கு. யார் எழுதினாலும் மாட்டுவீங்க. முன்னே தெரியாம செஞ்சீங்க, இப்ப தெரிஞ்சே செஞ்சிருக்கீங்க! இனி மூச்சு விடாதீங்க.”

முதலாளி மூச்சு விடவில்லை. அந்தப் புரோகிராமைப் பயன்படுத்துகிறவர்கள் கூடும் இணையப் பக்கத்தில், கம்பெனி பெயரோடு ஒரே ஒரு கேள்வி மட்டும் போட்டார்: ‘நாங்கள் செய்வது தப்பா?’ எந்தச் சந்தேகம் வந்தாலும் அங்கே கேட்டுத்தான் அவருக்குப் பழக்கம்.

“ஊருக்கே வாக்குமூலம் குடுத்துட்டீங்களே!” என்று மைத்துனன் அலறினான். அழிப்பதற்குள் அது எங்கெங்கோ பரவிவிட்டது.

அங்கே ‘தூங்குமூஞ்சி’ என்ற பெயரில் ஒருவர், “எந்த பேட்டண்ட்? நம்பர் சொல்லுங்க” என்று நச்சரித்தார். எரிச்சலில் அதையும் தன் போன் நம்பரையும் கொடுத்துத் தொலைத்தார் முதலாளி.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “மூடணும்னா மூடுவோம். ரெண்டு பேரும்தானே தொடங்கினோம், வேற ஒண்ணு தொடங்குவோம்.”

அப்போதுதான் போன் அடித்தது.

“தூங்குமூஞ்சி பேசறேன் சார். நீங்க நிம்மதியாத் தூங்குங்க. அவங்க பேட்டண்டுக்கு மனு போடறதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே இந்தப் புரோகிராம் இணையத்துல இருக்கு. ஆதாரம் அனுப்பியிருக்கேன்.”

மைத்துனன் அதைப் பார்த்துத் துள்ளி எழுந்தான். “அத்தான், ஏற்கெனவே ஊரறிஞ்ச விஷயத்துக்கு பேட்டண்ட் நிக்காது! எழுதினவர் மட்டும் சாட்சிக்கு வந்தா கேஸே இல்லை.”

“வருவாரா சார்?” என்றார் முதலாளி, போனை இறுகப் பிடித்தபடி.

“வராம? எழுதினதே நான்தான். அப்புறம் அந்தக் கம்பெனியிலயே வேலைக்குச் சேர்ந்தேன். ‘இதை முன்னாடியே ஊருக்குச் சும்மா குடுத்தாச்சு’ன்னு சொல்லச் சொல்லக் கேட்காம, அந்தக் கம்பெனிக்காரங்க பேட்டண்ட்ல கண்டுபிடிச்சவர்னு போட்டிருக்கிறதும் என் பேரைத்தான்!”