போதையில்லாப் பள்ளியில் காய்ச்சல்

நெல்லியாளம் பக்கத்தில் எஸ்டேட்டை ஒட்டியிருந்த அந்த உயர்நிலைப் பள்ளியில், வெள்ளிக்கிழமை காலை போதையை அடியோடு ஒழித்துவிடுவது என்று முடிவாயிற்று. அதற்கு முன்னால் ஒழிக்க வழியில்லை. பந்தல்காரர் ஒரு கல்யாணத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்.

பொறுப்பு தமிழாசிரியை ஜானகி தலையில் விழுந்தது. பேனர், ஊர்வலம், உறுதிமொழி எல்லாம் தயார். முதல் நாள் மத்தியானம் பத்தாம் வகுப்பு சசிதரன் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றான்.

"டீச்சர், நான் வாய்ல புகையிலைப் பொட்டலம் வைக்கிறேன். விட்டுரலாம்னு பாக்குறேன், முடியல. கை நடுங்குது."

உதட்டின் உள்பக்கம் புண்ணாகிக் கிடந்தது. பதறிப்போன ஜானகி, தலைமையாசிரியர் கருணாகரனிடம் ஓடினாள்.

"ஏனுங்க டீச்சர், நாளைக்கு 'போதையில்லாப் பள்ளி'ன்னு கேடயம் தர்றாங்க. இன்னைக்குப் போயி இப்படிச் சொல்றீங்களே!"

"பையன் தானா வந்து கேக்குறானுங்க சார். ஆலோசகரை வரச் சொல்லலாமுங்க."

கருணாகரன் மேலிடத்துக்குப் போன் போட்டார். மேலிடம் கனிவோடு விளக்கியது: ஆலோசகர் போதை உள்ள பள்ளிக்கு மட்டுமே வருவார். போதை உள்ள பள்ளிக்குக் கேடயம் கிடையாது. எல்லாப் பள்ளிகளும் கேடயத்துக்குத் தகுதி பெற்றுவிட்டபடியால், ஆலோசகர் போக இடமின்றி ஆபீசில் கேடயங்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"அப்ப சசிதரன் என்னாவானுங்க?"

"அப்படி ஒரு பையன் நம்ம பள்ளியில இருக்க விதியே இல்லீங்க. இருக்கிற சசிதரனுக்கு நல்ல குரல். உறுதிமொழியை அவனே வாசிக்கட்டுமுங்க."

வாசித்தான். "இனி தொட மாட்டேன்" என்ற இடத்தில் குரல் உடைந்தது. "என்ன உணர்ச்சி!" என்று சிறப்பு விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பலத்த கரகோஷத்துக்கு நடுவே போதை ஒழிந்தது.

ஜானகிக்குத்தான் அன்றிரவு சோறு இறங்கவில்லை. பையனின் அம்மா ரஞ்சனியிடம் பக்குவமாய் எடுத்துச் சொன்னாள். ரஞ்சனி அழுது முடித்து, மறுநாள் லீவு சொன்னாள். மூவரும் கூடலூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள்.

அங்கே பெஞ்சு நிறைய வாத்தியார்கள், டீச்சர்கள். எல்லாரும் கேடயப் பள்ளிக்காரர்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் தலை குனிந்த ஒரு பிள்ளை.

"பையனுக்கு என்னங்க?"

"காய்ச்சலுங்க. உங்க பொண்ணுக்கு?"

"அதே காய்ச்சல்தானுங்க."

ஜானகியையும் கேட்டார்கள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "காய்ச்சல்" என்றுதான் வந்தது.

டாக்டர் சசிதரனிடம் பொறுமையாகப் பேசினார், மருந்து கொடுத்தார், வாராவாரம் வரச் சொன்னார். "சீட்டுல என்ன எழுதட்டும்?" என்று கேட்டதற்கு ரஞ்சனியும் ஜானகியும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்.

அடுத்த வாரம் மேலிடம் துடித்துப்போயிற்று. பள்ளிகளில் மர்மக் காய்ச்சல்! கொசு ஒழிப்புக்கு அவசர ஆணை பிறந்தது. கொசுவே நடுங்கும் அந்த மார்கழிக் குளிரில் இரண்டு பேர் மெஷினோடு வந்து வகுப்புக்கு வகுப்பு புகை அடித்தார்கள். பிள்ளைகள் இருமிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார்கள்.

புகைக்குள்ளிருந்து சசிதரன் வந்தான். கை நடுக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது. "டீச்சர், சனிக்கிழமை காய்ச்சலுக்குப் போறோம்ல? இவங்களுக்கும் காய்ச்சலாம்."

அவன் பின்னால் மூன்று பேர் நின்றார்கள். ஜானகி தலையாட்டினாள்.

அவர்கள் போன பிறகு கருணாகரன் வந்தார். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க டீச்சர்... அம்பது வயசுக்கு மேல வர்ற காய்ச்சலையும் அங்க பாக்குறாங்களா?"