பெரியவர் சட்டையில் சாம்பல்

"ஏம்மா, கொடியில காயற சட்டையில மறுபடியும் சாம்பல்!" என்றார் பெரியவர் போனில். புகார் கொடுப்பவரின் கோபம் அந்தக் குரலில் துளியும் இல்லை.

புகை மேடம் உடனே கிளம்பிவிட்டாள். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிக்கு அவள்தான் பொறுப்பு; பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. மாற்றலாகி வந்த ஊரில் சிரித்துப் பேச ஒரு ஜீவன் கிடையாது. ஊரே இருமிக்கொண்டிருக்கிறது, அவளைப் பார்த்து எவன் சிரிப்பான்? பெரியவர் மட்டும்தான் உட்காரச் சொன்னார். மகனுக்கு வெளியூரில் வேலை. மருமகள் கதவோரம் நிற்பாள். பேச்சு ஒரு மணி நேரம் ஓடும்.

பாவி, வேலையை வேறு ஒழுங்காகச் செய்து தொலைத்தாள்! சாம்பல் வடிகட்டியின் தகடுகளைச் சுத்தம் செய்ய வைத்தாள். சட்டை பளிச்சென்று ஆனது. அங்கே போகக் காரணம் போயிற்று. அந்த வாரம் முழுக்க அவள் சுவரோடுதான் பேசினாள்.

பிறகு மறுபடியும் சாம்பல். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் கடமை விடுமா? தகடுகளையே மாற்றினாள். சாம்பல் கூடியது. கெஞ்சிக் கூத்தாடி நிலையத்தின் ஒரு மின் உற்பத்தி யூனிட்டையே நிறுத்த வைத்தாள். சட்டையை உதறினால் தெருவே மறைந்தது.

தலைமைப் பொறியாளர் எகிறினார். "ஊருக்குக் கரண்ட் இல்ல, சாம்பல் மட்டும் வருதா? இன்னொரு புகார் வரட்டும், உங்களை வேற ஊருக்கு மாத்திடறேன்!"

வேறு ஊர் என்றால் மறுபடி யாருமில்லாத இன்னொரு அறை. பெரியவர் சட்டையிலிருந்து தட்டி எடுத்த தூளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். நிலையத்துச் சாம்பல் குட்டிக்குட்டி உருண்டைகளாகத் தெரியும். இதில் உருண்டையே இல்லை. விறகுத் துணுக்குகள் கிடந்தன. யாரோ வீட்டு வெந்நீர் அடுப்பிலிருந்து அள்ளித் தூவியது!

நேராகப் பெரியவர் வீட்டுக்குப் போனாள். "ஏங்கய்யா, நான் வரணும்னா ஒரு போன் போட்டாப் போதாதா? சாம்பலை எதுக்குத் தூவுறீங்க?"

"நானா?" பெரியவர் திடுக்கிட்டார். "நீதான் தூவுறேன்னு நெனச்சேம்மா. வந்து போக உனக்கும் ஒரு சாக்கு வேணுமேன்னு வாயைத் திறக்கல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்து முழித்தார்கள்.

"நான்தான்க்கா," என்றாள் கதவோரம் நின்ற மருமகள். "நீங்க வர்ற அன்னிக்குத்தான் மாமா என்னையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசறார், 'டீ போடும்மா'ன்னு."