கை சாரும் சால்னாச் சட்டியும்

சிவகாசியில் பாதிப் பேரைக் கையை வைத்தே அடையாளம் சொன்ன ஒரே ஆள் எங்கள் கை சார்தான். முகத்தைப் பார்த்தால் அவருக்கு யாரையும் தெரியாது. நான் வேலை பார்த்த காலண்டர் பிரஸ்ஸின் மாடி அறையில் குடியிருந்தார். தினமும் பார்க்கிற எங்கள் முதலாளியையே கடைத்தெருவில் நிறுத்தி, "நீங்க யாரு?" என்று கேட்டார். முதலாளி கடுப்பில் கையை நீட்டியதும், "அடடே, வளைஞ்ச கட்டைவிரல்" என்று முகம் மலர்ந்தார்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. பட்டாசு விபத்தில் கையிழந்தவர்களுக்கு, அவரவர் தொழிலுக்குத் தோதான செயற்கைக் கை செய்வது அவருடைய ஆராய்ச்சி.

ஒருநாள் ஆமத்தூரிலிருந்து பஸ்ஸில் திரும்பியவர், மஞ்சப்பையைச் சீட்டிலேயே விட்டு இறங்கிவிட்டார். பைக்கு வெளியே ஐந்து விரல் எட்டிப் பார்த்தது. பக்கத்துச் சீட்டு அம்மா போட்ட கூச்சலில் பஸ் நேராகப் போலீஸ் ஸ்டேஷனில் போய் நின்றது. பையைத் தேடி இவரும் அங்கேயே போனார்.

"யாரு கைய்யா இது?" என்றார் ஏட்டு.

"இன்னும் முடிவாகலை சார். ஆள் தேடிக்கிட்டிருக்கேன்."

நான் போய்த்தான் மீட்டு வந்தேன். பசியில் வாடியிருந்தவரை, பிரஸ்ஸுக்கு எதிரே இருந்த காதர் பாய் கடைக்குக் கூட்டிப் போனேன்.

பாய் பரோட்டாவுக்கு ஒரு காலத்தில் கூட்டம் தெருவை அடைக்கும். முந்தின தீபாவளி சீசனில், சிநேகிதருக்கு ஒத்தாசையாகப் பட்டாசு லோடு ஏற்றப் போன இடத்தில் நடந்த விபத்தில், பாய் வலது கையை மணிக்கட்டோடு பறிகொடுத்துவிட்டார். அதிலிருந்து அந்தக் கையைத் துண்டால் மூடிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருப்பார். அதிகம் பேசுவதில்லை. கல்லில் நின்றது அவருடைய மச்சினன். அவன் போட்ட பரோட்டாவைக் காலண்டருக்குப் பின்னட்டையாக ஒட்டலாம். கூட்டம் கரைந்துகொண்டிருந்தது.

ஒரு வாய் தின்றதும் சார் எழுந்து கல்லாவுக்குப் போனார்.

"பாய், பரோட்டா வீச ஒரு கை செஞ்சு தரட்டுமா?"

"அதெல்லாம் ஆகாது சார். சாப்பிட்டீகளா, கிளம்புங்க."

சார் கிளம்புகிற ரகமில்லை. மறுநாள் தன் வலது கையை மடக்கிக் கட்டி, முழங்கையில் ஒரு செயற்கைக் கையை மாட்டிக்கொண்டு வந்து, மச்சினனை ஓரங்கட்டிவிட்டுக் கல்லில் நின்றார். முதல் பரோட்டா ஃபேனில் போய்த் தொங்கியது. அடுத்தது ஒரு வக்கீலின் தலையில் தொப்பியாக இறங்கியது. அதற்கடுத்த வீச்சில் வார் அறுந்து, கையே பறந்துபோய்ச் சால்னாச் சட்டிக்குள் விழுந்தது. விரல்கள் மட்டும் மிதந்தன.

இலை முன்னால் காத்திருந்த லோடுமேன் மெதுவாகச் சொன்னார்: "பாய், நான் சாதா சால்னாதான் கேட்டேன்."

பாய் சிரித்துவிட்டார். விபத்துக்குப் பின் அந்தச் சிரிப்பை யாரும் கேட்டதில்லை. உள்ளே வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அவருடைய மனைவி, அரிவாள்மணையை விட்டுவிட்டு ஓடி வந்து பார்த்தார்.

"மாவை இப்பிடியா சார் வீசுவாக? அங்கன தள்ளுங்க" என்று பாய் எழுந்து வந்தார். வந்த வேகத்தில் துண்டு கீழே விழுந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவரும் தேடவில்லை.

அப்புறம் பல மாதம் இதே கூத்துதான். விரல் வைத்த கையில் மாவு ஒட்டியது. கொக்கி வைத்த கை மாவைக் கிழித்தது. சார் ஒவ்வொன்றாகச் செய்துவர, பாய் ஒவ்வொன்றாகத் திட்டித் திருப்பி அனுப்பினார். சோதனையில் வீணான பரோட்டாவையெல்லாம் தானே தின்றதில், சாருக்குச் சட்டைப் பட்டன் எட்டாமல் போனது. கடைசியில் விரலே இல்லாத, தோசைத்திருப்பி மாதிரி அகலமான ரப்பர் உள்ளங்கை ஒன்றைக் கொண்டுவந்தார்.

"பார்க்கக் கை மாதிரி இருக்காது பாய்."

"பரோட்டா பரோட்டா மாதிரி இருந்தாப் போதும் சார்."

அன்றைக்கு மாவு விசிறியாக விரிந்து கல்லில் படிந்தது. வெந்ததை அடுக்கிவைத்து, பாய் இரண்டு பக்கமும் ஓங்கித் தட்டினார். அந்தப் பழைய சத்தம் கேட்டு நாங்கள் மெஷினை நிறுத்திவிட்டு ஓடினோம். சார் தட்டில் விழுந்த பரோட்டாவைத் தின்னாமல், அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தின்னுங்க சார். ஆராய்ச்சி போதும்" என்றார் பாய்.

மறுவருஷம் சார் வேறு ஊருக்குச் செயற்கைக் கால் செய்யப் போய்விட்டார். அங்கே யார் காலை உற்றுப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொள்கிறாரோ. பாய் கடையில் சார் வழக்கமாக உட்காரும் ஜன்னலோர நாற்காலியில் இன்றைக்கும் நான் உட்காருவதில்லை. பசியோடு திடீரென்று வந்து நின்றால், மனுஷனுக்கு இடம் வேண்டுமே.