ரோமாபுரிக் கிண்ணம்

இரண்டாவது பாட்டில் ஒயினும் கிண்ணத்தில் ஊற்றிய சூட்டோடு மாயமானது. மேசைவிரிப்பு செக்கச்செவேலென்று நனைந்தது.

“ஓட்டைக் கிண்ணத்தை வாங்கிட்டு வந்து, ரோமாபுரி ராஜாவாம்ல!” என்றாள் முத்துமீனா.

“வாரிசைத் தலைக்கு மேல தூக்கிட்டு நிக்கிறாரு பாரு. என்னா கம்பீரம்!” என்றான் அவள் கணவன் விக்ரம். கிண்ணத்தின் நடுவே முகம் தேய்ந்த பித்தளை ஆள் ஒருவன் குழந்தையோடு நின்றிருந்தான்.

மனமகிழ் மன்றத் தலைவர் பீமாராவ் மதிய விருந்துக்கு வருகிறார். சாப்பிட்டு முடித்ததும் அடுத்த தலைவர் யாரென்று சொல்வார். போட்டியில் இருக்கும் டாக்டர் வீட்டில் வெள்ளி மதுக்கூஜா இருக்கிறது. உள்ளே என்ன இருந்தாலும் ஊற்றிவைக்கும் பாத்திரம் மிரட்ட வேண்டும் என்பதுதான் பெரிய மனிதத்தனம் பற்றி விக்ரம் அறிந்த ஒரே உண்மை. அதனால்தான் காளவாசல் பழம்பொருள் கடையில் இதைக் கண்டதும் தூக்கிவந்தான்.

கடைக்காரர் பீர் முகமதுக்குப் போன் போட்டான்.

“பாதிக்கு மேல ஊத்தாதீங்கண்ணே. அன்னைக்கே சொன்னேன்ல?”

விஷயம் எளிது. சிலைக்குள் கொக்கிபோல் வளைந்த ஒரு குழாய். அதன் ஒரு முனை கிண்ணத்துக்குள், மறுமுனை அடித்துளையில். ஒயின் வளைவுக்குக் கீழே இருக்கும்வரை ஒரு சொட்டும் இறங்காது. வளைவைத் தாண்டினால், பெட்ரோல் டேங்கில் ரப்பர் குழாய் போட்டு உறிஞ்சிவிட்டது மாதிரி, மொத்தத்தையும் இழுத்து வெளியே விட்டுவிடும்.

“அப்பப் பாதியே ஊத்துங்க,” என்றாள் முத்துமீனா.

“பாதிக் கிண்ணத்தை நீட்டினா பதவியும் பாதிதான்டி வரும்!”

மெழுகை உருக்கித் துளையை அடைத்தான். மூன்றாவது பாட்டில் தளும்பத் தளும்ப நின்றது.

பீமாராவ் வெள்ளை வேட்டி சரசரக்க வந்து உட்கார்ந்தார். பின்னால் பழக்கூடையோடு டிரைவர் சின்னக்கருப்பன்.

“லண்டன் ஏலத்துல எடுத்ததுங்கய்யா. ரோமாபுரிச் சக்கரவர்த்தி குடிச்சது,” என்றான் விக்ரம்.

“எங்கயோ பாத்த மாதிரி இருக்கேப்பா.”

“பாரீஸ் மியூசியத்துல பாத்திருப்பீங்க!”

பாரீஸ் போனதில்லை என்று சொல்லத் தலைவருக்கு மனம் வரவில்லை. “ஆமாமா, அங்கதான்,” என்று இரு கைகளாலும் கிண்ணத்தைத் தூக்கினார்.

‘டப்’பென்று மெழுகு கழன்றது. மூன்றாவது பாட்டில் முழுக்க அவர் மடியில் இறங்கியது.

“ரோமாபுரி மரியாதைங்கய்யா!” துண்டோடு பாய்ந்தான் விக்ரம். “பட்டம் கட்டுறதுக்கு முன்னாடி அங்க இப்படித்தான் அபிஷேகம் பண்ணுவாங்க!”

“அப்படியா?” தலைவரின் முகம் மெல்ல மலரத் தொடங்கியது.

சின்னக்கருப்பன் குனிந்து கிண்ணத்தை உற்றுப் பார்த்தான்.

“ஐயா, இது நம்ம பாப்பா குளிக்கையில விளையாடுன வசுதேவர் கிண்ணம்ல! கண்ணன் காலு நனைஞ்சா யமுனை வடிஞ்சிருமே... போன மாசம் நாந்தான பழைய சாமானுக்குப் போட்டேன்!”