முப்பத்தோராம் பக்கத்து அடிக்குறிப்பு

என் வாழ்க்கையில் நான் மிகத் திறமாகப் பேசிய நாள் எதுவென்று கேட்டால், பெற்ற தகப்பனை நீதிமன்றத்தில் மூடனாக்கிய நாளைத்தான் சொல்ல வேண்டும்.

அப்போது நான் கொழும்பில் ஒரு பொருளாதார ஆலோசனை நிறுவனத்தில் இருந்தேன். பங்குதாரர்கள் ஒரு கம்பனிமீது வழக்குப் போட்டால், அவர்களுக்கு நட்டம் வந்தது யாரால் என்று ஆராய்ந்து நீதிமன்றத்தில் சொல்வது எங்கள் வேலை. (அம்மா விளங்கப்படுத்திய விதத்தில், எங்கள் ஊரான புத்தூரில் பாதிப் பேர் என்னைக் கோர்ட்டுக் கிளாக்கர் என்றே நம்பியிருந்தார்கள்.)

முதல் சாட்சியமே யாழ்ப்பாணத்தில் வாய்த்தது. மரக்கறிக்குக் குளிர்களஞ்சியங்கள் கட்டிய ஒரு கம்பனி, தன் கடன்களை மறைத்துப் பங்கு விற்றதாக வழக்கு. நாங்கள் கம்பனிப் பக்கம். கம்பனியின் சட்டத்தரணிகளிடம் வழக்காளிகளின் பட்டியலைக் கேட்டபோது, "பெயர்கள் வேண்டாம், தொகைகள் போதும்" என்று எழுதினேன். என் குடும்பத்தில் யாருக்கும் இதில் தொடர்பில்லை என்ற படிவத்திலும், வீட்டில் ஒருவரையும் கேட்காமலே கையெழுத்து வைத்தேன்.

அன்று புதுச் சேலை கட்டியிருந்தேன். சாட்சிக் கூண்டில் ஏறிப் பார்த்தால், பின்வரிசை வாங்கில் வெள்ளை வேட்டியோடு அப்பா. இளைப்பாறிய தபாலதிபர். மகளின் பேச்சைக் கேட்க வந்திருக்கிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"கடன் விபரம் ஆண்டறிக்கையின் முப்பத்தோராம் பக்க அடிக்குறிப்பில் இருக்கிறது" என்றேன். "சாதாரண அறிவுள்ள எவரும் அதை வாசித்திருப்பார். இவர்கள் ஏமாற்றப்படவில்லை, ஆசைப்பட்டார்கள்."

(கடைசி வாக்கியம் என் அறிக்கையில் இல்லை. அது சேலை செய்த வேலை.)

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி, ஒரு வயதான மனிதர், வழக்காளிகளின் பட்டியலை நீட்டினார்.

"அறுபத்திநாலாவது பேரை வாசியுங்கோ, பிள்ளை."

வாசித்தேன். நம்பாமல் இன்னொரு தரமும் வாசித்தேன்.

"இவர் ஆர்?"

"என்ரை அப்பா."

"சாதாரண அறிவுள்ளவரோ?"

எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் அப்பா எழுந்து நின்றார்.

"ஐயா, அவளைக் குழப்பாதேங்கோ. அந்தச் சின்ன எழுத்தை நான் வாசிக்கேல்லைத்தான். பிழை என்ரை."

நீதிபதி அவரை அமரச் சொன்னார். என் சாட்சியத்தை ஏற்க முடியாதென்று என்னையும் இறக்கிவிட்டார்.

வெளியே வந்து, "ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீ எங்கடை பக்கம் கதைக்க வாறாய் எண்டு நினைச்சன்."

கொஞ்சத் தூரம் நடந்த பிறகு அவராகவே சொன்னார். "நீ கொம்பனியளைப் பற்றிப் படிச்சனி. வீட்டை வந்தா என்னோடை கதைக்க உனக்கு ஒண்டும் இருக்கிறேல்லை. நானும் கொஞ்சப் பங்கு வைச்சிருந்தா ஏதாவது கதைக்கலாம் எண்டுதான் வாங்கினனான். பிறகு அது விழுந்துபோச்சு. சொல்ல வெக்கமாக் கிடந்தது."

ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டு, "எண்டாலும் வடிவாக் கதைச்சனி" என்றார்.

வழக்கு முடியுமுன்பே அப்பா காலமானார். இப்போதும் புது வழக்கொன்று வந்தால், கையெழுத்து வைக்குமுன் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, கம்பனியின் பெயரைச் சொல்லிப் பங்கு ஏதும் இருக்கிறதா என்று கேட்பேன். தம்பியும் அவன் மனைவியும் பக்கத்தில் இருந்து சிரிப்பது கேட்கும். அம்மாவின் பதில் ஒருநாளும் மாறியதில்லை.

"பங்கு வாங்கிற மனிசன் போயிட்டார், பிள்ளை. நீ பயப்பிடாமல் கையெழுத்தை வை."